தெப்ராவ் ஆற்றுச் சாசனமும் சிங்கப்பூர் வழக்கறிஞர் நிறுவனங்களும்

ஜொகூர் நீரிணையில் வந்து கலக்கும் ஆறுகளுள் தெப்ராவ் பெரியதொன்றன்று. ஆயினும் தென்கிழக்காசியாவில் ஆங்கிலச் சட்டம் எவ்வாறு பரவியது, அச்சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர் கூட்டு நிறுவனங்கள் எவ்வாறு வளர்ந்தன என்பதை ஆராய்வோருக்கு இந்த ஆற்றங்கரையே தக்கதொரு தொடக்கமாகும். 1844-ஆம் ஆண்டிலிருந்து 2011-ஆம் ஆண்டு வரை இவ்வாற்றின் நிலமும் நீரும் ஏதேனும் ஒரு பத்திரத்தின் ஆட்சிக்கு உட்பட்டே இருந்துவந்தன. அப்பத்திரங்களை எழுதியவர் யார், எவர் பொருட்டு எழுதினர், எவருடைய பெயர் அவற்றுள் இடம்பெறவில்லை என்னும் கேள்விகள் வரலாற்று மாணவர் கருத்தில் கொள்ளத்தக்கவை.

1844-ஆம் ஆண்டில் ஜொகூரின் உண்மை அதிகாரம் தெமெங்கோங் இப்ராகிமின் கையில் இருந்தது. அவர் சிங்கப்பூரின் தெலோக் பிளாங்காவிலேயே தங்கியிருந்தார். அக்காலத்தில் சிங்கப்பூர்த் தீவில் கம்பீர் பயிரிட்டு வந்த சீனர்கள் புது நிலம் தேடிக்கொண்டிருந்தனர். கம்பீர் என்பது தோல் பதனிடவும் சாயமேற்றவும் பயன்படும் ஒருவகைச் சாறு தரும் செடி. நம் நாட்டுக் காசுக்கட்டியைப் போல வெற்றிலையோடும் அது சேர்க்கப்படும். அதன் இலையைப் பெருங் கொப்பரைகளிற் காய்ச்ச விறகு வேண்டும். காய்ச்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். ஆகவே கம்பீரும் மிளகும் ஒரே தோட்டத்தில் வளர்ந்தன. ஆனால் கம்பீர் மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். சுற்றியுள்ள காடும் விறகுக்கே தீர்ந்துபோகும். நிலம் களைத்தபோது சிங்கப்பூர்ச் சீனர் நீரிணையைக் கடந்தனர். அவ்வாறு கடந்தோருள் தெப்ராவுக்கு வந்தவர் தியோசூ வகுப்பைச் சேர்ந்த தான் கீ சூன். கீ ஹெங் என்னும் சங்கத்தின் தலைவராக விளங்கிய அவர் நிறுவிய குடியிருப்பே கங்கார் தெப்ராவ் எனப் பெயர் பெற்றது.

தெமெங்கோங் இவர்களைப் போன்றோருக்கு அளித்த அனுமதிப் பத்திரத்திற்கு 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுச் சாசனம் என்று பெயர். மலாய் மொழியில், ஜாவி எழுத்தில், தெமெங்கோங்கின் முத்திரையுடன் அது வழங்கப்பட்டது. ஓர் ஆற்றின் இன்ன கிளையிலிருந்து இன்ன கிளை வரை என்று எல்லை குறிக்கப்படும். சாசனம் பெற்றவர் 'கங்சூ', அதாவது ஆற்றின் தலைவர். அவர் தமது எல்லைக்குள் குறித்த காலத்திற்குள் காட்டைத் திருத்திக் கம்பீரும் மிளகும் பயிரிடுவித்தல் வேண்டும், வரியும் செலுத்தவேண்டும். அதற்கு ஈடாக அவ்வெல்லைக்குள் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக் கடை, பன்றி இறைச்சி ஆகியவற்றின் விற்பனை உரிமை அவருக்கே உரியது. உழைப்பாளி கூலியாகப் பெற்ற காசு அபினாகவும் சாராயமாகவும் அதே கங்சூவிடம் திரும்பிச் சென்றது. சிங்கப்பூரில் இன்றும் வழங்கும் லிம் சூ காங், சோவா சூ காங், இயோ சூ காங் என்னும் இடப்பெயர்களும், ஜொகூரில் உள்ள கங்கார் பூலாயும் அம்முறையின் எச்சங்களே.

இச்சாசனத்தை ஆங்கில வழக்கறிஞர் எவரும் எழுதவில்லை. எனினும் அதன் பின்னால் இருந்த பணம் சிங்கப்பூரிலிருந்து வந்தது. படகுத்துறை தவுக்கேமார் அரிசியையும் ரொக்கத்தையும் முன்பணமாகக் கொடுத்து, விளைச்சலைத் தமக்கே விற்கவேண்டும் என்று கட்டுப்படுத்தினர். ஒரு கங்காரின் உரிமை பல பங்குகளாகப் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது, அடகு வைக்கப்பட்டது, பிள்ளைகளுக்கு விடப்பட்டது. ஆறு ஜொகூரில், கடன்காரன் சிங்கப்பூரில். ஜொகூர் அன்னிய நாடாதலால் சிங்கப்பூர் நீதிமன்றத்தின் ஆணை அங்கே செல்லாது. ஆனால் தவுக்கேயின் கடைவீடும் சரக்கும் கப்பலும் அந்நீதிமன்றத்தின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. இந்த இடைவெளியில்தான் வழக்கறிஞருக்கு வேலை பிறந்தது.

அக்காலத்து நீதிமன்றத்தின் நிலை வியப்பூட்டுவதாகும். 1826-ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றுக்கும் ஒரே நீதிமன்றம் ஏற்பட்டது. சட்டம் கற்ற ஒரே நீதிபதியான ரிக்கார்டர் பினாங்கில் இருந்து கப்பலேறி வந்து வழக்குகளை விசாரித்தார். சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் தனி ரிக்கார்டர் 1855-க்குப் பின்னரே கிடைத்தார். சீமையில் முறையாகச் சட்டம் பயின்றோர் மிகச் சிலரே. 'சட்ட முகவர்' என்ற பெயரில் பலர் வாதாடினர். சீமையில் பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு. ஆனால் நீரிணைக் குடியேற்றங்களில் இரு வேலையையும் ஒருவரே செய்தார். அட்வொகேட் என்றும் சொலிசிட்டர் என்றும் ஒருவரையே இரு பெயரால் சுட்டும் வழக்கம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைத்துவிட்டது.

வழக்கறிஞர்களே பத்திரிகாசிரியர்களாகவும் இருந்தது அக்காலத்தின் மற்றொரு விந்தை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த லோகன் சகோதரர்களுள் ஆபிரகாம் லோகன் 'சிங்கப்பூர் பிரீ பிரஸ்' பத்திரிகையை நடத்திக்கொண்டே வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். தெமெங்கோங்குக்கும் ஆலோசகராக விளங்கினார். அவருடைய தம்பி ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் 1847-இல் தீவுக்கூட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி ஏடொன்றைத் தொடங்கினார். 'இந்தோனேசியா' என்னும் பெயரை 1850-இல் எழுத்தில் வழங்கி நிலைபெறச் செய்தவர் இவரே என்பதை வழக்கறிஞர்களைக் குறைத்துப் பேசுவோர் மறந்துவிடலாகாது. மறுபுறம், 1845-இல் தோன்றிய 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' இதழின் முதல் ஆசிரியரான இராபர்ட் கார் உட்ஸ் என்பாரும் பின்னர் வழக்கறிஞர் தொழிலில் இறங்கினார். பம்பாயிலிருந்து வந்த இவர், சரவாக் ராஜா ஜேம்ஸ் புரூக்கின் செயல்கள்மீது விசாரணை வேண்டுமெனத் தம் இதழில் ஓயாது எழுதியவர்.

1861-ஆம் ஆண்டில் உட்ஸும், ஜேம்ஸ் கத்ரி டேவிட்சன் என்னும் இளைஞரும் கூட்டாளிகளாயினர். 'உட்ஸ் அண்ட் டேவிட்சன்' என்று அந்நிறுவனம் பெயர் பெற்றது. அதற்கடுத்த ஆண்டில் ஆபிரகாம் லோகனும், அரசாங்க உத்தியோகத்தை விட்டு வந்த தாமஸ் பிராடலும் கூட்டுச் சேர்ந்தனர். ஒருவர் இறந்தாலும் ஊர் திரும்பினாலும் தொழில் நில்லாது தொடரவேண்டும் என்னும் நோக்கமே கூட்டு நிறுவனத்தின் உயிர். கட்சிக்காரர் நம்புவது தனி மனிதரையன்று, கதவின்மேல் உள்ள பெயரை. பிராடல் 1867-இல் நீரிணைக் குடியேற்றங்களின் முதல் அட்டர்னி ஜெனரலானார். அவர் புதல்வர் இருவரும் பேரரும் அதே தொழிலில் புகழ் பெற்றனர். உட்ஸ் 1875-இல் மறைந்தார். 1877-இல் பெர்னார்ட் ரோடிக் டேவிட்சனுடன் சேர, நிறுவனம் 'ரோடிக் அண்ட் டேவிட்சன்' ஆயிற்று. டொனால்ட்சன் அண்ட் பர்க்கின்ஷா 1874-இலும், டிரூ அண்ட் நேப்பியர் 1889-இலும், ஆலன் அண்ட் கிலெட்ஹில் 1902-இலும் தோன்றின. இவை இன்றளவும் அழியாதிருப்பது எண்ணத்தக்கது. அவற்றுக்குச் சோறு போட்ட கம்பீர் வாணிகமோ இருந்த சுவடு தெரியவில்லை.

டேவிட்சனின் வாழ்க்கை, வழக்கறிஞர் தொழிலுக்கும் அரசியலுக்கும் இடையே அன்று சுவர் இருக்கவில்லை என்பதற்குச் சான்று. சிலாங்கூரில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அங்கே ஆட்சி நடத்திய தெங்கு கூடினுக்கு அவர் சட்ட ஆலோசகர். பணமும் கொடுத்து உதவினார். 1873-இல் ஈயச் சுரங்க உரிமையும் பெற்றார். 1875-இல் அதே சிலாங்கூருக்கு அவரே முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக அமர்த்தப்பட்டார். பின்னர்ப் பேராக்கிலும் அப்பதவி வகித்துவிட்டுச் சிங்கப்பூர் அலுவலகத்துக்குத் திரும்பினார். கடன் கொடுத்தவரே ஆலோசகராகவும், ஆலோசகரே ஆட்சியாளராகவும் மாறிய இந்நிகழ்ச்சியை இன்றைய வழக்கறிஞர் ஒழுங்கு விதிகள் ஒருக்காலும் பொறுத்துக்கொள்ளா.

இந்நிறுவனங்கள் செய்த வேலைதான் என்ன? துறைமுக நகரமாதலால் கப்பல் வழக்குகள் முதலிடம் பெற்றன. மோதல், சரக்குச் சேதம், காப்புறுதி, மாலுமிகளின் சம்பளம் ஆகியவை நாள்தோறும் வரும் அலுவல்கள். அடுத்தது நிலம்: கடைவீடுகளின் விற்பனைப் பத்திரம், அடமானப் பத்திரம், குத்தகை. மூன்றாவதாக உயில்களும் அறக்கட்டளைகளும். இவற்றில்தான் ஆங்கிலச் சட்டமும் ஆசிய வழக்கமும் நேருக்கு நேர் மோதின. முன்னோர் வழிபாட்டுக்கென்று சீனக் குடும்பத்தினர் என்றென்றைக்குமாக எழுதிவைத்த சொத்துக்கள் செல்லா என்று 1869-இல் சிங்கப்பூர் நீதிமன்றமும், 1875-இல் ஒரு பினாங்கு வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சிலும் தீர்ப்பளித்தன. பல மனைவியரும் வாரிசு உரிமை உடையவரே என்று 1908-ஆம் ஆண்டின் 'ஆறு விதவையர் வழக்கு' முடிவு கண்டது. ஒரு கட்டில் வழக்கம் தோற்றது, மற்றொரு கட்டில் வென்றது. எது வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லத் தெரிந்தவருக்கே கட்டணம்.

தமிழரைப் பொறுத்தவரை இவ்வலுவலகங்களின் வாயிலை மிகுதியும் மிதித்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பெட்டியடி போட்டு அமர்ந்த அவர்கள், ஊரிலுள்ள முதலாளியின் பெயரால் தொழில் நடத்திய முகவர்கள். மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஒருவர் ஊர் திரும்ப, மற்றொருவர் வருவார். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதிகாரப் பத்திரம் ஒன்று வேண்டும். புரோநோட்டு, அடமானம், வட்டி வழக்கு, ஏலம் என்று அலுவல் பெருகிற்று. செட்டியாரின் கணக்கு ஏடு தமிழில் இருக்கும். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் நடுவில் நிற்பார். விலாச எழுத்துக்களையும் சுழி போட்ட கணக்கையும் ஆங்கில நீதிபதிக்கு விளக்குவதே ஒரு தனிக் கலையாக இருந்திருக்கவேண்டும்.

ஜொகூரின் அரசர்கள் சட்டத்தின் பயனைப் பிற மலாய் மன்னர்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள். அபூபக்கர் ஆட்சியில் 1873-இல் கங்சூக்களுக்கெனத் தனிச் சட்டத்தொகுப்பு இயற்றப்பட்டது. 1885-இல் பிரிட்டனோடு உடன்படிக்கை செய்து சுல்தான் பட்டத்தை ஏற்கச் செய்தார். மறு ஆண்டில் இலண்டனிலேயே ஜொகூருக்கென ஆலோசனைக் குழுவொன்றை அமைத்தார். அவ்வெச்சரிக்கை விரைவில் பயன்பட்டது. ஜென்னி மைகெல் என்னும் ஆங்கில மாது, 1885-இல் 'ஆல்பர்ட் பேக்கர்' என்ற பெயரில் தம்மோடு பழகிய சுல்தான் தம்மை மணப்பதாக வாக்களித்துத் தவறினார் என்று நஷ்டஈடு கேட்டு வழக்கிட்டார். சுல்தான் ஜொகூரின் தன்னாட்சி மன்னர் என்று காலனி அலுவலகம் கடிதம் கொடுத்தது. அக்கடிதமே முடிவானது, அதற்குமேல் நீதிமன்றம் ஆராயலாகாது. மாற்றுப் பெயரில் வாழ்ந்ததால் மட்டும் மன்னர் தம் விலக்குரிமையை இழந்தவராகார் என்று அப்பீல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1894-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளிவந்த அவ்வழக்கை இன்றும் உலகெங்கும் சர்வதேசச் சட்ட மாணவர் பயில்கின்றனர். அந்த மாதுக்கு நீதி கிடைத்ததா என்பது வேறு கேள்வி. தீர்ப்பு அதற்குள் புகவேயில்லை.

1895 ஏப்ரல் 14-இல் ஜொகூர் எழுத்து வடிவிலான அரசியல் சட்டத்தைப் பிரகடனம் செய்தது. நாட்டின் எப்பகுதியையும் ஐரோப்பிய வல்லரசுக்கு விட்டுக்கொடுக்கலாகாது என்னும் விதியும் அதில் இருந்தது. ஆயினும் 1914-இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் சொல்லுக்கு ஜொகூர் இணங்கவேண்டியதாயிற்று. ஏடு நாட்டைச் சில ஆண்டுகள் காத்தது, அவ்வளவே. பின்னர் 1952-இல், சிங்கப்பூரிலுள்ள நிலம் பற்றி ஜொகூர் அரச குடும்பத்துள் எழுந்த வழக்கில், அன்னிய மன்னரை எந்நிலையிலும் வழக்கிலிழுக்க முடியாது என்ற முழுவிதி எதுவும் உறுதிப்படவில்லை எனப் பிரிவி கவுன்சில் கூறியது. மன்னர் விலக்குரிமை ஜொகூர் வழக்கொன்றால் ஓங்கி, ஜொகூர் வழக்கொன்றாலேயே தளரத் தொடங்கியது.

இதற்கிடையே தெப்ராவின் காட்சி மாறிவிட்டது. 1909-இல் ஜொகூர் இரயில் பாதை நிறைவுற்றது. 1910-இல் ரப்பர் விலை வானளாவியது. கம்பீர் மறைய, ஆற்றின் இரு மருங்கும் ரப்பர் எழுந்தது. 1917-இல் கங்சூ முறையே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆற்றுச் சாசனத்தின் இடத்தை நிலக் கிராண்டும், கம்பெனி விளக்க அறிக்கையும், பங்குப் பத்திரமும் பிடித்துக்கொண்டன. மவுண்ட் ஆஸ்டின் போன்ற பெருந்தோட்டங்கள் கம்பெனிகளின் உடைமையாயின. வழக்கறிஞர் நிறுவனங்களுக்குக் கம்பெனிச் சட்டம் என்னும் புதிய கிளை தழைத்தது.

அத்தோட்டங்களில் மரம் சீவியவர் தமிழர். அவர்களை அழைத்துவந்த கங்காணியின் லைசென்சு ஒரு பத்திரம். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியின் கணக்கு மற்றொன்று. ஒப்பந்தக் கூலிமுறையை 1910-இல் நிறுத்திய ஆணை இன்னொன்று. இவை யாவும் தொழிலாளியைப் பற்றியவை. ஆனால் தொழிலாளிக்காக எழுதப்பட்டவை அல்ல. துரைக்குச் சிங்கப்பூரில் வழக்கறிஞர் இருந்தார். லயத்துக்காரனுக்கு இருந்தவர்கள் தொழிலாளர் இலாகா அதிகாரியும், 1922-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி அமர்த்தப்பட்ட இந்திய அரசாங்க ஏஜெண்டுமே. கம்பெனியின் கிராண்டில் எல்லைக் கற்கள் உண்டு, ஓடைகள் உண்டு; முப்பதாண்டு குடியிருந்தவனின் பெயர் இல்லை. வேலை உள்ளவரை வீடு. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது அதன் கொடுமை வெளிப்பட்டது. விற்பனைப் பத்திரத்தில் யாதொரு குற்றமும் இல்லை. லயத்தைக் காலி செய்யவேண்டியதே மிச்சம். 1954-இல் பி. பி. நாராயணன் தலைமையில் ஒன்றிணைந்த தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கமும், 1960-இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கமும் இவ்விடத்தில் வைத்து எண்ணத்தக்கவை. தொழிலாளியிடம் மாதந்தோறும் சிறு தொகை பெற்று, அவன் பெயரைப் பத்திரத்திற்குள் கொண்டுவந்தது பின்னதன் அரிய செயல். அக்காலத்திற்குள் தமிழரும் வழக்கறிஞர் நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளில் ஏறிவிட்டனர். 'பிராடல் அண்ட் ரமணி' என்னும் கோலாலம்பூர் நிறுவனத்தின் ரமணி, 1965-இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவையில் மலேசியாவின் சார்பில் அமர்ந்து அவையின் தலைமையையும் வகித்தார்.

ரோடிக் அண்ட் டேவிட்சன் 2016-இல் டென்டன்ஸ் என்னும் உலக நிறுவனத்தோடு இணைந்து 'டென்டன்ஸ் ரோடிக்' ஆயிற்று. டென்டன்ஸ் 2013-இல் ஐரோப்பிய, கனடிய, ஆங்கில-அமெரிக்க நிறுவனங்கள் கூடி அமைந்தது; 2015-இல் சீனத்தின் டாச்செங்கும் சேர, வழக்கறிஞர் எண்ணிக்கையில் உலகிலேயே பெரியதாயிற்று; 2023-இல் டாச்செங் பிரிந்தது. இதன் அமைப்பைச் சிறிது விளக்கவேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் உள்ள நிறுவனம் தன் கணக்கையும் பொறுப்பையும் தானே வைத்துக்கொள்ளும். பெயரும் தொடர்புகளும் மட்டுமே பொது. செட்டியாரின் விலாசமும் அதன் முகவர்களும் இயங்கிய முறையை அறிந்தவருக்கு இது முற்றிலும் புதிதாகத் தோன்றாது. வழக்காடல், நடுவர் தீர்ப்பு, வங்கிக் கடன், கம்பெனி இணைப்பு, நிலம், அறிவுச் சொத்து என்பன அலுவல்களாக வளர்ந்துள்ளன. தீபகற்ப மலேசியா 2014-இல்தான் அன்னிய நிறுவனங்களுக்கு லைசென்சு முறையில் கதவைத் திறந்தது.

தெப்ராவின் நீருக்கு வருவோம். சிங்கப்பூர் 1927-இல் சுல்தான் இப்ராகிமோடு செய்த உடன்படிக்கையால் குனோங் பூலாய் நீரைப் பெற்றது. அதற்குப் பதிலாக 1961 செப்டம்பர் 1-இல் ஜொகூர் அரசும் சிங்கப்பூர் நகர மன்றமும் தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளின் நீர் பற்றிய உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. காலம் 50 ஆண்டு. ஆயிரம் காலன் ஆற்று நீருக்கு 3 காசு. சுத்திகரித்த நீரை ஜொகூர் திரும்ப வாங்கினால் ஆயிரம் காலனுக்கு 50 காசு. 25 ஆண்டுக்குப் பின் விலையை மறு ஆய்வு செய்யலாம், உடன்பாடு ஏற்படாவிடில் நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்றும் எழுதப்பட்டது. 1962-இல் ஜொகூர் ஆற்றுக்கு இதுபோன்ற மற்றொன்று, 2061 வரை செல்லத்தக்கதாக, எழுதப்பட்டது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தபோது இவ்விரண்டையும் இரு அரசுகளும் பிரிவினை உடன்படிக்கையிலேயே உறுதி செய்து, ஐக்கிய நாடுகள் சபையிலும் பதிவு செய்தன. ஒரு நகராட்சியின் தண்ணீர்க் குத்தகை இவ்வாறு சர்வதேச ஒப்பந்தமாக உயர்ந்தது.

1986-இல் மறு ஆய்வுக் காலம் வந்தது, கேட்கப்படாமலே சென்றது. அந்த ஆய்வுரிமை பின்னரும் உண்டா இல்லையா என்பதே இரு நாடுகளுக்கிடையே நெடுநாள் வழக்காடும் பொருளாயிற்று. எழுத்தின் ஒரு சொல் எத்துணைக் கனமுடையது என்பதற்கு மற்றொரு ஜொகூர் உதாரணமும் உண்டு. தெப்ராவுக்குத் தான் கீ சூன் வந்த அதே 1844-ஆம் ஆண்டின் நவம்பரில், நீரிணை வாயிலில் கலங்கரை விளக்கம் அமைக்க இசைந்து சுல்தானும் தெமெங்கோங்கும் ஆங்கில ஆளுநருக்குக் கடிதம் எழுதினர். 1953 செப்டம்பரில், பெட்ரா பிராங்கா பாறையின் உடைமையை ஜொகூர் கோரவில்லை என்று அதன் தற்காலிக அரசுச் செயலாளர் சிங்கப்பூருக்கு எழுதினார். ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றம் 1844-ஆம் ஆண்டுக் கடிதங்களிலிருந்து ஆட்சியுரிமை பற்றி எம்முடிவுக்கும் வரவில்லை. 1953-ஆம் ஆண்டுக் கடிதத்தையோ மிகுந்த முக்கியத்துவமுடையதாகக் கொண்டு, 2008 மே 23-இல் பாறையைச் சிங்கப்பூருக்கு உரியதெனத் தீர்த்தது.

தெப்ராவ் உடன்படிக்கை 2011 ஆகஸ்டு 31-இல் காலாவதியாயிற்று. குனோங் பூலாய், ஸ்கூடாய் நீர் நிலையங்களும், பொந்தியான், தெப்ராவ் இறைப்பு நிலையங்களும் அன்றே, இயங்கும் நிலையில், விலையின்றி ஜொகூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன.